மலைச்சாலையும் மணற்கரையும்

மலையில் தோன்றிக் கடலில் கலப்பது ஆற்றின் இயல்பு. மனிதனும் ஓய்வு வாய்க்கும்போதெல்லாம் இவ்விரண்டில் ஒன்றையே நாடுகின்றான். குறிஞ்சி தொடங்கி நெய்தல் வரை நிலத்தை எண்ணும் வழக்கம் தமிழ் மாணவர் யாவரும் அறிந்ததே. மலேசியத் தீபகற்பத்தில் இத்திணைகளை ஏட்டில் தேட வேண்டியதில்லை. தித்திவங்சா மலைத்தொடரை மேற்கிலிருந்து ஏறிக் கிழக்கே இறங்கித் தென்சீனக் கடல்வரை செல்பவர், மலையும் காடும் வயலும் கடலுமாக அவற்றை ஓரிரு நாளிலேயே கண்டுவிடலாம். பாலைக்குத்தான் இந்நாட்டில் இடமில்லை என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பாலைக்குரிய பிரிவு எந்த நிலத்திலும் நேரக்கூடியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

1978ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பள்ளி விடுமுறையில், கோலாலம்பூரை அடுத்த ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் தம் குடும்பத்துடன் அத்தகைய பயணம் ஒன்றை மேற்கொண்டார். மனைவி, பத்து வயது மகள், ஏழு வயது மகன், தந்தையார் என ஐவர். பழைய கார் ஒன்று. அதன் கூரைமேல் சாரணர் படையிடம் இரவல் பெற்ற கித்தான் கூடாரம். பின்புறத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, வறுத்த நெத்திலி, சாடின் மீன் டின்கள், இட்லிப்பொடி, ஒரு குடம் நல்ல தண்ணீர். விடுதியில் தங்க அன்றைய ஆசிரியர் ஊதியம் இடந்தரவில்லை என்பது உண்மை. ஆயினும் அது மட்டுமே காரணமன்று. நாட்டு வரலாற்றைப் பிள்ளைகள் அது நிகழ்ந்த இடத்தில் நின்றே கற்கவேண்டும் என்பது ஆசிரியரின் கொள்கை. செல்லும் ஊர்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெடுத்து ஓர் அப்பியாசப் புத்தகத்தை அவர் நிரப்பி வைத்திருந்தார். மற்றோர் அப்பியாசப் புத்தகத்தை மகளிடம் கொடுத்து, வழியில் கடக்கும் கட்டைகளையும் காணும் செய்திகளையும் எழுதிவரச் சொன்னார். கிலோமீட்டர் கணக்கு அப்போது வந்துகொண்டிருந்தபோதும், தமிழர் வாயில் தொலைவு இன்னும் கட்டைக்கணக்காகவே இருந்தது.

பெரியவரை அழைத்து வந்ததில்தான் ஆசிரியரின் உள்நோக்கம் இருந்தது. பெரியவர் பொதுப்பணித் துறையில் சாலைத் தொழிலாளியாக உழைத்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். கோலகுபு பாருவிலிருந்து மலையேறும் சாலையிலேயே அவருடைய உழைப்பின் பெரும்பகுதி கழிந்தது. அந்நாள்களைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறந்ததே இல்லை. கேட்டால், “ரோட்டு வேலைதான், வேற என்ன?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தச் சாலையிலேயே அழைத்துச் சென்றால் பேசுவார் என்று மகன் நம்பினார்.

கோலகுபு பாருவில் காலையுணவு. அமைதியான அச்சிற்றூரின் பெயரிலுள்ள ‘பாரு’ என்னும் மலாய்ச் சொல் புதியது எனப் பொருள்படும். பழைய கோலகுபுவில் 1883ஆம் ஆண்டு அணை உடைந்து வெள்ளம் ஊரை அழித்தது. மாவட்ட அதிகாரியாயிருந்த ஆங்கிலேயர் செசில் ரேங்கிங்கும் அதில் மாண்டார். அவர் வெள்ளை முதலை ஒன்றைச் சுட்டதால் ஆறு சினங்கொண்டது என மக்கள் கதை கட்டினர். பின்னரும் ஈயச்சுரங்கங்களின் மணல் ஆற்றை மேடாக்க, வெள்ளம் ஓயவில்லை. இறுதியில் ஊரையே மேட்டுக்கு மாற்றினர். ஆசிரியர் இவற்றைச் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். மகன் முதலையை மட்டும் பிடித்துக்கொண்டான். பெரியவர் கடைக்காரரிடம் மலாயில் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து மலைச்சாலை தொடங்குகிறது. மேற்குக் கரையிலிருந்து மலைத்தொடரைக் கடந்து பகாங் மாநிலத்துக்குள் சென்ற முதற் பெருஞ்சாலை இது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் போடப்பட்டது. இன்று அவ்வழியே செல்வோர் காணும் சிலாங்கூர் ஆற்று அணையும் அதன் நீர்ப்பரப்பும் அன்று இல்லை. ஆறு பாறைகளில் மோதிச் சாலைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. வளைவுக்கு மேல் வளைவு. ஒருபுறம் செங்குத்தான மலைச்சுவர், மறுபுறம் மூங்கிலும் பெருமரங்களும் மூடிய பள்ளம். மழைக்காடு ஆண்டு முழுவதும் இச்சாலையைத் தின்று விழுங்கப் பார்க்கிறது. மண் சரிகிறது; மரம் வீழ்கிறது; லாலான் புல் ஒரு மாதத்தில் ஆள் மறையும் உயரம் வளர்கிறது. சாலையைப் போடுவது ஒருமுறை. காப்பதோ நாள்தோறும் செய்யவேண்டிய வேலை. வடிகாலைத் தோண்டி, புல்லை வெட்டி, சரிந்த மண்ணைத் தட்டில் அள்ளி மறுபுறம் கொட்டும் ஒரு கூட்டம் இல்லாவிடின் எந்த மலைச்சாலையும் சில ஆண்டுகளில் காடாகிவிடும். அக்கூட்டத்தில் பெரும்பாலோர் தமிழர். 

ஓரிடத்தில் காரை நிறுத்தி ஆசிரியர் பிள்ளைகளுக்கு 1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாளைப் பற்றிக் கூறினார். அவசரகாலத்தில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, ஓய்வுக்காகப் பிரேசர் மலைக்குச் செல்லும்போது இச்சாலையில்தான் கம்யூனிஸ்டுப் போராளிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

“அப்போது நீங்கள் இங்கேதானே வேலை செய்தீர்கள், அப்பா?”

“ஆமாம், தம்பி. அதுக்கப்புறம் ஓரக்காட்டை அகலமா வெட்டச் சொன்னாங்க. வெட்டினோம்.”

அவ்வளவே. மகன் காரை மறுபடியும் கிளப்பினார்.

‘கேப்’ எனப்படும் கணவாயை அடைந்தபோது கதவு மூடியிருந்தது. அங்கிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் எட்டுக் கிலோமீட்டர்ச் சாலை ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய அகலமுடையது. ஆதலால் ஒரு மணிப்பொழுது ஏறுவோருக்கும் அடுத்த மணிப்பொழுது இறங்குவோருக்குமாகக் கதவு திறந்துவிடப்படும். 2001ஆம் ஆண்டு புதுச்சாலை திறக்கும்வரை இந்த ஏற்பாடே நீடித்தது. காத்திருக்கும் வேளையில் மற்றவர் ஓய்வு விடுதியில் தேநீர் அருந்தினர். பெரியவர் மட்டும் சாலையோரமாகப் பின்னோக்கி நடந்து, ஒரு வளைவின் அருகே கீழே குனிந்து எதையோ பார்த்துவிட்டுத் திரும்பினார். என்னவென்று மருமகள் கேட்டபோது, “ஒண்ணுமில்லம்மா, தண்ணி போகுதான்னு பார்த்தேன்,” என்றார்.

பிரேசர் மலையின் வரலாறு விந்தையானது. லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மலையில் ஈயத்தொழிலில் ஈடுபட்டிருந்தார். பின்னர் ஒருநாள் காணாமற்போனார். 1917இல் சிங்கப்பூர் ஆங்கிலிக்கப் பேராயர் பெர்கூசன் டேவி அவரைத் தேடி மலையேறினார். ஆளைக் காணவில்லை, குளிர்ந்த காற்றைக் கண்டார். வெயிலில் வாடும் ஐரோப்பிய அதிகாரிகளுக்கு ஏற்ற ஓய்விடம் இது எனப் பரிந்துரைத்தார். 1919இல் பணி தொடங்கி, 1922இல் மலைநகரம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் கருங்கல் வீடுகள், கணப்பு அடுப்புகள், ரோஜாத் தோட்டங்கள், ஈயம் தோண்டிய இடத்தில் கோல்ப் திடல் என இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்று மழைக்காட்டின் நடுவே எழுந்தது. காணாமற்போன ஒருவரின் பெயர் மலைக்கு நிலைத்தது. தேடிப்போனவரின் பெயர் நூலில் நிலைத்தது. அங்கு வந்து ஓய்வெடுத்தவர் பெயர்களும் ஆவணங்களில் உண்டு. அவ்வளவு கல்லையும் சுண்ணாம்பையும் சீமைக் கட்டிலையும் மேலேற்றிய கைகள் யாருடையவை என்று தேடுவோர்க்கு அந்நூல்களில் கிடைப்பது ‘கூலிகள்’ என்னும் ஒற்றைச் சொல்லே. இதில் ஆங்கிலேயரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. தமிழரும்தாம் தம் முன்னோரிடம் கேட்டு எழுதிவைக்கவில்லை.

நகரிலிருந்து சற்றுத் தள்ளி, ஜெரியாவ் அருவிக்குப் போகும் வழியில் அனுமதி பெற்றுக் கூடாரம் அடித்தனர். பெரியவரின் கை அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியது. ஆசிரியர் குத்திய முளைகளைப் பிடுங்கிச் சாய்வாக மறுபடி அடித்தார். கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் கீறி, அதன் வாயைப் பள்ளத்தை நோக்கித் திருப்பிவிட்டார். நள்ளிரவில் மலைமழை பெய்தபோது உள்ளே ஒரு துளி நீர் வரவில்லை. சாடின் குழம்பும் சோறும் உண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிள்ளைகள் உறங்கிய பின்னர், பெரியவர் ஒன்று சொன்னார்.

“இருபது வருசத்துக்கு மேல இந்த மலைக்கு ஏறி இறங்கியிருக்கேன். ராத்திரி தங்கினது இன்னைக்குத்தான்.”

அதற்கு மேல் கேட்கலாமா என ஆசிரியர் தயங்கியிருக்கையில் பெரியவர் உறங்கிவிட்டார், அல்லது உறங்குவதுபோல் இருந்துவிட்டார்.

மறுநாள் மலைக்குக் கிழக்கே இறக்கம். ரவூப் பொன்விளைந்த ஊர். 1889இல் ஆஸ்திரேலியக் குழுமம் ஒன்று அங்குத் தங்கச்சுரங்கம் தொடங்கியது. கைநிறைய அள்ளுதல் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது என்பர். பெந்தோங்கில் நண்பகல் உணவு. தெமர்லோவில் தீபகற்பத்தின் மிக நீண்ட ஆறாகிய பகாங் ஆறு செந்நிறமாய்ப் பெருகிச் சென்றது. அதன்பின் குவாந்தான் வரை காடும் ரப்பரும் புதிதாய் நட்ட செம்பனையும் மாறி மாறி வந்தன. மகன் வாந்தி எடுத்தான். அப்பகுதியைப் பற்றி மகளின் அப்பியாசப் புத்தகத்தில் உள்ள குறிப்பும் அது ஒன்றே.

குவாந்தானைத் தாண்டிச் செரத்திங் கரையில் கார் நின்றபோது மாலை மணி ஐந்து. சவுக்கு மரங்களுக்கு அப்பால் கடல். நவம்பர் தொடங்கி மூன்று நான்கு மாதங்கள் பருவக்காற்றில் சீறும் தென்சீனக் கடல், ஆகஸ்டில் பசும்பாலைப்போல் அடங்கிக் கிடந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினர். இக்கரைக்கு அப்பாலுள்ள கடலில்தான் 1941 டிசம்பர் 10ஆம் நாள் ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன என்று ஆசிரியர் சொல்லத் தொடங்கினார். கேட்பதற்கு ஆளில்லை. பெரியவர்கூடக் காரைவிட்டு இறங்காமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கால்களை மட்டும் மணலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

“மாமா, கடலுக்கு வரலையா?” என்றார் மருமகள்.

“பார்த்தாச்சும்மா.”

எப்போது பார்த்தார்? மலாயாவுக்கு வந்த அன்று பார்த்ததுதான். நாற்பத்தோர் ஆண்டுகள் மேற்குக் கரையிலிருந்து அறுபது, எழுபது கிலோமீட்டர் தொலைவில் வாழ்ந்தவர், ஒருமுறையேனும் கடற்கரைக்குச் சென்றதில்லை. பிள்ளைகளைப் போர்ட்டிக்சனுக்கு அழைத்துச் சென்ற நாள்களிலும் ஏதேனும் காரணம் கூறி வீட்டிலேயே இருந்துவிடுவார். ஓய்வில்லாமல் உழைத்தவருக்கு உல்லாசம் பழக்கமில்லை என்றே வீட்டார் அதற்குப் பொருள் கொண்டிருந்தனர்.

மூன்றாம் நாள் கரையோரமாகவே வடக்கே சென்று, கெமாமான், டுங்குன் ஊர்களைக் கடந்து, திரெங்கானுவின் ரந்தாவ் அபாங்கை அடைந்தனர். உலகின் மிகப்பெரிய கடலாமை முட்டையிட வந்த கரை அது. மலாய்க்காரர் அதனைப் ‘பென்யு பெலிம்பிங்’ என்பர். அதன் முதுகில் நீளவாட்டில் ஓடும் வரைகள் பெலிம்பிங் பழத்தின் விளிம்புகளை ஒத்திருத்தலே காரணம். தமிழக மீனவரும் அவ்வரைகளைக் கண்டே ஏழுவரி ஆமை என்று பெயரிட்டனர். இருவேறு கரையினர் ஒரே உடற்குறியைக் கண்டு பெயர் சூட்டியிருப்பது மொழி கற்போர்க்குச் சுவையான செய்தியன்றோ!

1950களில் அக்கரையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 முட்டைக்குழிகள் இருந்தன. 1978இலேயே அத்தொகை மிகவும் சரிந்திருந்தது. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்துக்கும் குறைந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக முட்டைகளை எடுத்து விற்றதும், ஆழ்கடலில் வலையில் சிக்கி ஆமைகள் மாண்டதும் காரணங்கள். காக்க நினைத்தவர் வேலிக்குள் புதைத்துப் பொரித்த முட்டைகளிலும் ஒரு சிக்கல் இருந்தது: மணலின் சூட்டைப் பொறுத்தே ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது, சூடு மிகுந்தால் எல்லாம் பெண்ணாகிவிடும். அறிந்தபோது காலம் கடந்திருந்தது. கடலாமை முட்டை விற்பனையைத் திரெங்கானு முழுமையாகத் தடை செய்தது 2022இல்தான்.

அன்றிரவு இவையெல்லாம் யாருக்கும் தெரியாது. கரையில் நூறு பேருக்குமேல் கூடியிருந்தனர். நெருப்பு மூட்டியவர்களும் வானொலி வைத்திருந்தவர்களும் உண்டு. நள்ளிரவுக்குச் சற்று முன், முட்டை எடுக்கும் உரிமை பெற்ற ஒரு மலாய்க்காரர் விளக்கை ஆட்டி அழைத்தார். ஓடிச் சென்று பார்த்தபோது, கவிழ்த்த படகைப்போல் ஓர் ஆமை மணலில் தன்னை இழுத்துக்கொண்டு ஏறியது. சில அடி நகரும், நின்று பெருமூச்சு விடும், மறுபடி நகரும். பின்துடுப்புகளால், மனிதக் கையின் நுட்பத்தோடு, மணலை அள்ளி அள்ளி வெளியே போட்டுக் குழி தோண்டியது. பின் முட்டைகள் விழத்தொடங்கின. கண்களிலிருந்து நீர் வழிந்தது. அஃது உடலிலுள்ள மிகையான உப்பை வெளியேற்றும் வழி என ஆசிரியர் விளக்கினார். விளக்கம் சரியானதே, ஆயினும் அதைக் கேட்டு ஆறுதல் அடைந்தவர் அங்கு எவருமில்லை.

அதற்குள் ஓர் இளைஞன் ஆமையின் முதுகில் ஏறி அமர்ந்து புகைப்படத்துக்குச் சிரித்தான். அவனைத் தொடர்ந்து வேறொருவன். சிறுவனும் தந்தையின் கையை இழுத்தான். “அப்பா, நானும்.”

“வேணாம்!” என்றார் பெரியவர். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. சிறுவன் மருண்டுபோனான். பெரியவர் முன்னே சென்று, மலாய்க்காரரிடம் அவர் மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ கூறினார். மலாய்க்காரர் தலையசைத்து, மேலே இருந்தவனை இறக்கிவிட்டார், விளக்கையும் அணைத்தார். இருளில், குழி தூர்க்கும் ஓசை மட்டும் நெடுநேரம் கேட்டது. விடியுமுன் ஆமை கடலுக்குள் சென்று மறைந்தது. அதன் முட்டைகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு மலாய்க்காரரும் சென்றார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தனர்.

கூடாரத்துக்குத் திரும்பியபின் யாரும் உறங்கவில்லை. பெரியவர் பேரனை மடியில் இருத்திக்கொண்டார்.

“பாரம் சுமக்கிறவன் மேல ஏறி உட்காரக் கூடாது, ஐயா,” என்றார். பின், யாரும் கேளாமலே பேசினார்.

1937ஆம் ஆண்டு, பதினேழாம் வயதில், நாகப்பட்டினத்தில் ‘ராஜுலா’ கப்பலேறியபோது அவர் தனியாக வரவில்லை. இரண்டு வயது மூத்த அண்ணனும் உடன் வந்தார். மறு ஆண்டே தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடுத்துவிட்டது. அவர்களுடையது கடைசிக் கப்பல்களில் ஒன்று. திறந்த தளத்தில் ஆடுமாடுகளைப்போல் நெருங்கிக் கிடந்த நாள்களில், தம்பிக்கு வாந்தி ஓயவில்லை. அண்ணன் தன் பங்குத் தண்ணீரைக் கொடுத்தார். பினாங்குக்கு அருகில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக அடைக்கப்பட்டிருந்தபோது, இருவரும் கரையில் உட்கார்ந்து, ஐந்து ஆண்டில் ஊர் திரும்பி ஒரு வேலி நிலம் வாங்குவதாக முடிவு செய்தனர். பின் மலைச்சாலை வேலை. ஒரே லயம், ஒரே தட்டில் மண். 1943இல் ஒருநாள் ஜப்பானியர் லாரி லயத்தின் முன் நின்றது. சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் தேவை. வீட்டுக்கு ஒருவர் என்றனர். தம்பி லாரியை நோக்கி நடந்தார். அண்ணன் அவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தாம் ஏறிக்கொண்டார். 

415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து சென்ற பதினாயிரக்கணக்கான தமிழருள் பெரும் எண்ணிக்கையினர் பேதிக்கும் பட்டினிக்கும் அடிக்கும் பலியாயினர். போர் முடிந்து சிலர் திரும்பி வந்தனர். அவர் வரவில்லை. வருவார் என்று தம்பி அந்த லயத்தைவிட்டு வேறிடம் போகவுமில்லை. மேல்வேலைக்கு அழைத்தபோதும், தோட்டத்தில் கூடுதல் கூலி கிடைத்தபோதும் மறுத்து, அதே சாலையில் முப்பது ஆண்டுகள் இருந்ததன் காரணம் இதுவே. 

ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. சிறுமி கைவிளக்கை அப்பியாசப் புத்தகத்தின்மேல் பிடித்துக்கொண்டு, “பெரிய தாத்தா பேர் என்ன, தாத்தா?” என்று கேட்டாள். பெரியவர் சொன்னார். எழுத்துக் கூட்டி அவள் எழுதினாள். றகரமா ரகரமா என்று ஓரிடத்தில் ஐயம் வந்தது. பெரியவருக்கு எழுதத் தெரியாது. ஆசிரியரும் அப்பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்.

திரும்பும்போது குவாந்தானிலிருந்து காராக் வழியே விரைவாகக் கோலாலம்பூரை அடைய அவர் எண்ணியிருந்தார். பெரியவர் வந்த வழியே போகலாம் என்றார். கேப்பைத் தாண்டி இறங்கும்போது நல்ல மழை. பத்து, பதினைந்து வளைவுகளுக்குப் பின் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். பேரப்பிள்ளைகள் இருவரும் குடைக்குள் நுழைந்துகொண்டனர். லயம் இருந்த மேட்டில் லாலானும் இரண்டு காட்டுவாழைகளும் நின்றன. சாலையின் அடியில், பாசி படர்ந்த ஒரு கல்மடை இருந்தது. மலையிலிருந்து இறங்கிய மழைநீர் அதன் வழியே தங்குதடையின்றிப் பள்ளத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. இது தாமும் அண்ணனும் கல்லடுக்கியது என்று அவர் காட்டினார். சிறுவன் ஒரு சருகை மேற்புறம் போட்டுவிட்டு, அது மறுபுறம் வருகிறதா என்று பார்க்கச் சாலையின் குறுக்கே ஓடினான்.